வாயிலில் நிற்கும் பாடம்: முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவரங்களும் மொசார்ட்டின் சிறு சொனாட்டாவும்



மொழி குறித்த பொழிவு வரிசையில் இசையைப் பொருளாகக் கொள்ளலாமா என்னும் வினா எழக்கூடும். இயலையும் இசையையும் நாடகத்தையும் சேர்த்தே தமிழ் என்று பெயரிட்ட மரபு நம்முடையது. ஆகவே அவ்வினா நெடுநேரம் நில்லாது. மேலும், இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இசையில் தொடங்கினாலும் வகுப்பறையில் வந்து முடிவது. ஒரு மரபை அடுத்த தலைமுறையிடம் கொண்டு சேர்ப்பது எது? அதன் உச்சியில் நிற்கும் பெரும்படைப்பா, அதன் வாயிலில் நிற்கும் சிறு பாடமா?

இவ்வினாவை இருவருடைய படைப்புகளைக் கொண்டு ஆராய எண்ணுகிறோம். ஒருவர் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர். மற்றவர் சால்சுபர்க்கில் பிறந்து வியன்னாவில் வாழ்ந்து மறைந்த மொசார்ட். இருவரும் தத்தம் மரபில் மலையெனப் போற்றப்படுவோர். நாம் எடுத்துக்கொள்வனவோ அவர்களுடைய மிகச் சிறிய ஆக்கங்கள். சிறியோர்க்கும் தொடங்குவோர்க்கும் உரியவை. முதலில் மொசார்ட்டின் ஆக்கத்தைப் பார்த்துவிட்டு, அதன் ஒளியில் தீட்சிதரிடம் வருவோம்.

தொடங்குவோர்க்கு ஒரு சொனாட்டா

சொனாட்டா என்பது இத்தாலியச் சொல். பாடப்படுவதற்குக் கண்டாட்டா என்றும், கருவியில் ஒலிக்கப்படுவதற்குச் சொனாட்டா என்றும் பெயர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல்லோடு ஓர் அமைப்பும் இணைந்தது. முதலில் ஒரு மெட்டு அதன் ஆதார சுருதியில் அறிமுகமாகும். பின்னர் ஆதாரம் பஞ்சமத்துக்கு இடம்பெயர, அங்கே இரண்டாவது மெட்டு ஒன்று தோன்றும். அதன்பின் இசை பல சுருதிகளில் அலைந்து திரியும். இறுதியில் மெட்டுகள் இரண்டும் பழைய ஆதாரத்திலேயே ஒலித்து நிறைவுறும். புறப்படுதல், அலைதல், இல்லம் திரும்புதல் என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

நம் கீர்த்தனையும் பல்லவியில் புறப்பட்டு, அனுபல்லவி, சரணம் என நடந்து, மீண்டும் பல்லவிக்கே வருகிறது. திரும்பி வருதல் இரண்டுக்கும் பொது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் இசையில் தம்புராவின் சட்சம் இடையறாது ஒலித்துக்கொண்டே இருக்கும்; பாடுவோர் எங்குச் சென்றாலும் அது அசையாது. மேலையிசையில் ஆதாரமே இடம்பெயர்கிறது. ஆகவே அங்கே திரும்புதல் என்பது ஊர்விட்டு ஊர் சென்றவர் மீள்வதைப் போன்றது.

இவ்வமைப்புக்கு ஏற்ற கருவியாகப் பியானோ விளங்கிற்று. 1700ஆம் ஆண்டை ஒட்டி, புளோரன்சு நகரில் கிறிஸ்டோஃபோரி என்னும் கருவிக் கலைஞர் அதனை உருவாக்கினார். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப மெல்லவும் வலுவாகவும் ஒலிக்க வல்லது என்பதே அதன் பெயரின் பொருள். மெல்லினமும் வல்லினமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இப்பெயர்க் காரணம் மறவாது நினைவில் நிற்கும்.

மொசார்ட் 1756 முதல் 1791 வரை வாழ்ந்தவர். 1784 முதல் தாம் இயற்றியவற்றை நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் பதிந்து வந்தார். அக்குறிப்பேட்டில் 1788 ஜூன் 26ஆம் நாளில், தொடங்குவோர்க்கான ஒரு சிறு பியானோ சொனாட்டா பதிவாகியுள்ளது. கோஷெல் என்பார் பின்னாளில் தொகுத்த அட்டவணையில் அதன் எண் 545. அதே நாளில் பதிவான மற்றொரு படைப்பு அவருடைய 39ஆம் சிம்பொனி. ஜூலை 25இல் 40ஆம் சிம்பொனியும், ஆகஸ்ட் 10இல் 41ஆம் சிம்பொனியும் பதிவாயின. மேலையிசையின் சிகரங்களுள் வைத்து எண்ணப்படும் மூன்று சிம்பொனிகளை ஒரே கோடையில் எழுதிய கை, அதே கோடையில் தொடக்க மாணவனுக்கும் ஒரு பாடம் எழுதியது. இதனை ஆசிரியர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

அப்பாடம் எவ்வாறு அமைந்தது? நம் சுவரப் பெயர்களால் கூறினால், வலக்கை 'ச, க, ப' என எழுந்து, கீழ் 'நி'யைத் தொட்டு, 'ச ரி ச' என்று அமர்கிறது. இடக்கை 'ச ப க ப' என்னும் எளிய நான்கு சுவரங்களை ஊஞ்சல் போல் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. கறுப்புக் கட்டை ஒன்றும் வேண்டாத தொடக்கம். நான்கு அடிகள் கடந்தவுடன், விரைந்த ஆரோகண அவரோகணங்கள் தொடர்கின்றன. சரளி வரிசை பயின்றோர் அவ்விடத்தில் தம் முதல் வகுப்பை அடையாளம் கண்டுகொள்வர். விரலுக்கு வேண்டிய பயிற்சி முழுவதும் அங்கே உள்ளது. ஆனால் மாணவன் அதனைப் பயிற்சியாக உணர்வதில்லை, பாட்டாகவே வாசிக்கிறான்.

இன்னும் ஒன்று. இல்லம் திரும்பும் இடத்தில் முதல் மெட்டு வழக்கப்படி சட்சத்தில் வரவேண்டும். மொசார்ட் அதனை மத்தியமத்தை ஆதாரமாகக் கொண்டு வரச் செய்கிறார். பிறகே சட்சத்துக்கு இறங்குகிறார். தொடக்க மாணவன்தானே என்று அவர் புதுமையைக் குறைத்துக்கொள்ளவில்லை. 1805இல், அவர் மறைந்து 14 ஆண்டுகளுக்குப் பின்னரே, இச்சொனாட்டா அச்சேறிற்று. இன்று பியானோ பயிலும் பிள்ளைகள் உலகெங்கும் இதனை வாசிக்கிறார்கள். அவருடைய இசை நாடகங்களைக் கேட்டறியாதவர்களையும் இச்சிறு பாடம் அவரிடம் கொண்டு சேர்த்துள்ளது.

கோட்டையில் கேட்ட மெட்டு

இனி நம் தீட்சிதரிடம் வருவோம். அவர் 1775இல் பிறந்து 1835இல் மறைந்தவர். மொசார்ட் அச்சொனாட்டாவை எழுதிய ஆண்டில் அவருக்கு வயது 13. தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், அம்சத்துவனி இராகத்தை ஆக்கியவர் என்று போற்றப்படுபவர். சென்னைக்கு அண்மையில் உள்ள மணலியின் முதலியார் குடும்பத்தார் இவர்களை ஆதரித்தனர். அக்குடும்பத்து வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷியாக, அதாவது இருமொழியாளராகப் பணியாற்றினார். அவருடைய தொடர்பால் தீட்சிதர் குடும்பத்தார்க்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக் குழுவைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டிற்று. ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாகவே இரண்டு இசைகள் சந்தித்தன என்பது மொழி மாணவர்கள் கருதத்தக்க செய்தி.

அங்குக் கேட்ட அணிவகுப்பு மெட்டுகள், நடன மெட்டுகள், நாட்டுப்புற மெட்டுகள் ஆகியவற்றுக்குத் தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் இன்று அவர் பெயரில் வழங்குகின்றன. ஆங்கிலேயர் தம் இசையை 'நோட்டு' என்று குறித்ததால் இவற்றுக்கு நோட்டுசுவர சாகித்தியங்கள் என்னும் பெயர் நிலைத்தது. அனைத்தும் சங்கராபரணத்தின் சுவரங்களில், கமக அசைவு இன்றிப் பாடப்படுவன. பியானோவில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் சட்சம் முதல் வரிசையாக அழுத்தினால் வரும் சுவரங்களும் அவையே. 'சந்ததம் பாஹிமாம்' என்று தொடங்குவது பிரித்தானியர் அரச வாழ்த்தின் மெட்டு. 'வந்தே மீனாக்ஷி' என்பது அயர்லாந்து நடன மெட்டு ஒன்றில் அமைந்தது.

'சியாமளே மீனாக்ஷி' என்னும் உருப்படியை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். அதன் மெட்டைச் 'ச ச ப ப த த ப, ம ம க க ரி ரி ச' என்று எழுதலாம். பாலர் வகுப்பில் ஆங்கில நெடுங்கணக்கைக் கற்கும் பிள்ளைகள் பாடுவதும், விண்மீனை நோக்கிக் கண்சிமிட்டச் சொல்லிப் பாடுவதும் இம்மெட்டைத்தான். இது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெட்டு. மொசார்ட் 1781, 1782ஆம் ஆண்டுகளை ஒட்டி இதனை எடுத்துப் பியானோவுக்காக 12 மாறுபாடுகள் இயற்றினார். ஆங்கிலத்தில் ஜேன் டெய்லர் எழுதிய விண்மீன் கவிதை 1806இல் வெளிவந்து, பின்னர் இம்மெட்டோடு சேர்ந்தது. அதே மெட்டில் தீட்சிதர் மீனாட்சியை வாழ்த்தினார்.

ஒரே மெட்டு, வியன்னாவில் ஒருவர், சென்னையில் ஒருவர். ஒருவரை மற்றவர் அறியார். மொசார்ட் அம்மெட்டைத் தம் இலக்கணத்துக்குள் கொண்டுவந்து, பன்னிரண்டு முறை உருமாற்றினார். தீட்சிதரோ மெட்டை மாற்றாது, அதற்குள் தம் தெய்வத்தையும் தம் சந்தத்தையும் 'குருகுக' என்னும் தம் முத்திரை மரபையும் கொண்டுவந்து வைத்தார். பிறரிடமிருந்து ஒன்றைப் பெறுவதற்கு இவை இரண்டு வழிகள்.

செல்வாக்கு எங்கே உள்ளது?

மிகைப்படுத்துதல் ஆய்வுக்கு அழகன்று. நோட்டுசுவரங்கள் தீட்சிதருடைய தலையாய படைப்புகள் அல்ல. கமலாம்பாள் மீது பாடிய நவாவரணக் கீர்த்தனைகளின் ஆழமும், நவக்கிரகக் கீர்த்தனைகளின் கட்டமைப்பும் இவற்றில் இல்லை. மேலையிசையில் பல குரல்கள் ஒரே நேரத்தில் இயைந்து ஒலிக்கும் முறையை இவை எடுத்துக்கொள்ளவும் இல்லை. மெட்டு ஒன்றையே எடுத்துக்கொண்டன. அப்படியாயின் இவற்றின் செல்வாக்கு எத்தகையது?

முதலாவது, கற்பித்தலில். தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலை வெளியிட்டார். மறு ஆண்டில் 'பிரதமாப்பியாச புஸ்தகம்' என்னும் நூலை வெளியிட்டார். முதற்பயிற்சி நூல் என்பது அதன் பொருள். முப்பதுக்கும் மேற்பட்ட நோட்டுசுவரங்கள் அச்சில் இடம்பெற்றது அம்முதற்பயிற்சி நூலில்தான். கோட்டையில் கேட்ட மெட்டு, நூறாண்டு கடந்தபின், தொடக்க மாணவனின் கையேட்டில் வந்து அமர்ந்தது. கமகம் பயிலாத இளங்குரல் சுவரத்தை நேராகப் பிடிக்கவும், தாளத்தில் வழுவாது நடக்கவும் இவை உதவுகின்றன. இன்றும் இசை ஆசிரியர் பலர் இவற்றைச் சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர்.

இரண்டாவது, கருவியில். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், அதே கோட்டைத் தொடர்பின் வழியாக, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். தீட்சிதரின் மாணவரும் தஞ்சை நால்வருள் ஒருவருமாகிய வடிவேலு, அக்கருவியைத் திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அவையில் ஒலிக்கச் செய்தார். கருவி வந்தது, ஆனால் வந்தபடியே நிற்கவில்லை. நின்று வாசித்த கருவியைத் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலின்மேல் ஊன்றி வாசிக்கலாயினர். நான்கு தந்திகளையும் சட்ச பஞ்சமமாகச் சுருதி கூட்டினர். விரலை வழுக்கிக் கமகம் பேசச் செய்தனர். இன்று வயலின் இல்லாத கருநாடகக் கச்சேரி அரிது.

மூன்றாவது, மேலையிசையைக் கற்றுத் தமதாக்கும் துணிவில். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசிரியரிடம் மேலையிசையை முறையாகப் பயின்ற இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி' வழியே திரையிசைக்கு வந்தார். 1986இல் தியாகராசருக்கும் பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதைக்கும் காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். இது நோட்டுசுவரத்தின் நேர்வழித்தோன்றல் என்று கூறோம். ஆனால் பயணம் ஒரே திசையிலானது. நம் தோட்ட இலயங்களில் வானொலி ஒலித்த மாலைகளில், பால் வெட்டிக் களைத்தோர் காதிலும் ஐரோப்பிய இயைபிசை தமிழ்ப்பாட்டின் உருவில் வந்து சேர்ந்தது. அது அயலானது என்று எவரும் உணர்ந்திலர்; அதற்குள் அது தமிழாகிவிட்டிருந்தது.

ஏற்றலின் இலக்கணம்

இங்கே மொழியியல் நமக்குத் துணை நிற்கிறது. வடசொல்லைத் தமிழ்ச் செய்யுளில் ஆள்வதற்குத் தொல்காப்பியர் எச்சவியலில் விதி வகுத்தார். அயல் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் அமைத்துக்கொள்க என்பது அவ்விதியின் கருத்து. வாயிலை அடைக்கவும் இல்லை. காவலின்றித் திறந்துவிடவும் இல்லை. எந்த வடிவில் உள்ளே வரலாம் என்று கூறினார். வயலினைத் தரையில் அமர்த்திச் சட்ச பஞ்சமம் கூட்டியதும் இதே நெறி.

மலாக்காவில் வாழும் நமக்கு இதன் சான்றுகள் தெருவெங்கும் உள்ளன. 1511இல் இந்நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் மொழி, தமிழகத்துக் கடற்கரைகளையும் இக்கரையையும் தொட்டது. 'ஜனேலா' என்னும் அவர்கள் சொல் தமிழில் சன்னல் ஆயிற்று. மலாயில் ஜெண்டேலா ஆயிற்று. 'அர்மாரியோ' இருமொழியிலும் அலமாரியாயிற்று. தமிழிலிருந்து கடை மலாய்க்குச் சென்று கெடாய் ஆனது. கப்பல் காப்பால் ஆனது. பெட்டி பெத்தி ஆனது. ஒவ்வொரு மொழியும் தன் நாவுக்கு ஏற்பச் சொல்லை வளைத்துக்கொண்டது.

வயலினும் அவ்வாறே இக்கரையில் மற்றொரு வாழ்வு பெற்றது. மலாயில் அதற்குப் பியோலா என்று பெயர். இச்சொல்லும் போர்த்துகீசியம் தந்தது. மலாக்காவின் டொண்டாங் சாயாங் பாடலில், ரெபானா முழவோடும் பித்தளைச் சேகண்டியோடும் பியோலா இழைந்து வர, இருவர் பந்துன் செய்யுள்களை எதிரெதிரே தொடுப்பர். மலாய்க்காரர், பாபா ஞோஞா, செட்டிமார், போர்த்துகீசிய வழியினர் ஆகிய நான்கு சமூகத்தாரும் பேணும் அக்கலையை 2018இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஒரே கருவி சென்னையில் இராகம் பேசிற்று. மலாக்காவில் பந்துன் பேசிற்று.

முதற்பேச்சும் முதற்பாடமும்

செட்டிமார் என்றவுடன் நாம் கவலையோடு கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலாக்கா செட்டிமார், சுல்தான்கள் காலம் தொட்டு இங்கு வணிகம் செய்த தமிழரின் வழித்தோன்றல்கள். பொற்கொல்லர் தெருவாகிய ஜாலான் துக்காங் எமாசில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. மொசார்ட் வியன்னாவில் குடியேறிய ஆண்டும் அதுவே. சைவ வழிபாட்டை அவர்கள் இன்றும் கைவிடவில்லை, பொங்கலைக் கொண்டாடுகிறார்கள், முன்னோர்க்குப் படையல் இடுகிறார்கள். ஆனால் இல்லத்தில் பேசுவது தமிழ் அன்று. தமிழ்ச் சொற்கள் கலந்த ஒரு மலாய்.

இதனைக் குறையாகச் சுட்டவில்லை. அவர்களுடைய பற்று நம்மில் பலரை நாணச் செய்வது. மொழியியல் நோக்கில் காரணம் தெளிவானது. வணிகராய் வந்தோர் இம்மண்ணின் பெண்களை மணந்தனர். குழந்தையின் காதில் முதலில் விழுந்தது தாயின் மொழி. தாலாட்டும் விளையாட்டும் அம்மொழியிலேயே நடந்தன. கோயிலும் சடங்கும் திருவிழாவும் தமிழரிடமிருந்து வந்தும், பேச்சுமொழி தொட்டிலில் முடிவாகிவிட்டது. உச்சியில் உள்ளவை எவ்வளவு உறுதியாக நின்றாலும், வாயிலில் எந்த மொழி நிற்கிறதோ அதுவே குழந்தையை அழைத்துச் செல்கிறது.

நம் தோட்டங்களின் வரலாறு வேறு. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் இரப்பரை வணிகப் பயிராக நட்டது முதல், மலாக்காவின் நிலம் பால்மரக் காடாயிற்று. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் குடும்பங்களாகத் தமிழர் குடியேறினர். தாயும் தமிழ், அண்டையரும் தமிழ். தோட்டப் பள்ளி தகரக் கொட்டகையாக இருந்திருக்கலாம். பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியராக நின்றிருக்கலாம். ஆயினும் மணலில் விரலால் எழுதிய அகரமும், ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அங்கே ஒலித்தன. ஔவையார் என்னும் பெரும்புலமை, சிறுவர்க்கென்று ஓரடி ஓரடியாக எழுதி வைத்ததன் பயனை நாம் அனுபவித்தோம். நம் மரபில் தொடங்குவோர்க்கான சொனாட்டா என்று ஒன்றைச் சுட்டவேண்டுமாயின் ஆத்திசூடியைத்தான் சுட்டவேண்டும்.

இன்று அத்தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனையாக மாறியும் போயின. மக்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தனர். அண்டை வீட்டில் தமிழ் ஒலிக்கும் என்பதற்கு உறுதியில்லை. பிள்ளைகள் கைப்பேசியில் முதற்பாட்டைக் கேட்கிறார்கள். அது எந்த மொழியில் இருக்கிறது? ஓரளவு வசதியுள்ள பெற்றோர் மாலையில் பியானோ வகுப்புக்கும் அனுப்புகிறார்கள். அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் அவ்வகுப்பில் பிள்ளைக்குக் கிடைக்கும் முதற்பாடம், தேர்ந்த கைகளால் ஆக்கப்பட்டு, படிப்படியாக அடுக்கப்பட்டு, இனிமையாகவும் இருக்கிறது. அதே பிள்ளைக்குத் தமிழில் கிடைக்கும் முதற்பாடம் அத்தகுதியோடு உள்ளதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. முனைவர் பட்டம் பெற்றவர்கள் ஆய்வரங்குக்குக் கட்டுரை எழுதுகிறோம்; முதலாம் ஆண்டுக்குப் பாட்டு எழுதுவதை எளிய வேலை என்று பிறரிடம் விட்டுவிடுகிறோம். மொசார்ட்டும் தீட்சிதரும் அவ்வாறு விட்டுவிடவில்லை.

குறிலும் நெடிலும்

நோட்டுசுவரங்களை அப்படியே தமிழ் வகுப்பில் பாடுங்கள் என்று நாம் கூற வரவில்லை. அவை வடமொழியில் உள்ளன. பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் விளங்கும் மொழியில் பாட்டு இருக்க வேண்டும் என்னும் கருத்து பாரதியாரின் 'சங்கீத விஷயம்' கட்டுரையிலும், 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்திலும் வலியுறுத்தப்பட்டது. தீட்சிதர் மறைந்த எட்டயபுரத்திலேயே 1882இல் பாரதியார் பிறந்தார் என்பதும், பாப்பாவுக்கென்று அவர் தனியே ஒரு பாட்டு எழுதினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. தீட்சிதரிடமிருந்து வழியை எடுத்துக்கொள்வோம். மொழியை நாம் தருவோம்.

அவ்வழியில் செல்வோர்க்கு ஒரு மொழியியல் குறிப்பு. தமிழில் உயிரின் நீளம் பொருளை மாற்றும். விடு, வீடு; படம், பாடம்; கல், கால் என்பன மாணவர் அறிந்தவை. நீண்ட சுவரத்தின்மேல் 'விடு' என்னும் சொல்லின் முதலெழுத்தை வைத்தால், பாடும்போது அது 'வீடு' ஆகிவிடும். அடியின் இறுதி நீண்ட சுவரத்தில் 'படி' என்று முடித்தால் 'படீ' என்று இழுபடும். இசையில் எழுத்துகள் தம் மாத்திரையைக் கடந்து ஒலிக்கும் என்று நூன்மரபின் இறுதி நூற்பா இசைவு தருவது உண்மையே. ஆனால் அது மொழியை முன்னமே அறிந்தோர்க்குத் தீங்கு செய்யாது. குறிலையும் நெடிலையும் பாட்டிலிருந்தே கற்கவிருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது குழப்பம் தரும். ஆகவே தொடக்கப் பாட்டில் நீண்ட சுவரத்துக்கு நெடிலையோ, குறிலாயின் மெய்யொற்று அடுத்த அசையையோ தருதல் வேண்டும்.

முன்னர்க் கூறிய மெட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு சமச் சுவரங்களும், ஏழாவதாக இரட்டிப்பு நீளமுள்ள ஒரு சுவரமும் வருகின்றன. அதற்கு நாமே இரண்டடி அமைத்துப் பார்க்கலாம்:

தோட்டம் எங்கும் தென்றல் வா
ஏட்டில் என்றும் எங்கள் பா

ஒவ்வோர் அடியிலும் ஏழு அசைகள். நெடில் வராத இடங்களில் குறிலை அடுத்து மெய் நிற்கிறது. இறுதியில் நெடில் நிற்கிறது. ஆகவே எந்தச் சொல்லும் இழுபட்டுச் சிதையவில்லை. தோட்டம், ஏட்டில் என எதுகையும் காதில் விழுகிறது. இதனை இலக்கியம் என்று முன்வைக்கவில்லை. ஆசிரியர் எவரும் செய்யக்கூடிய பயிற்சி என்றே காட்டுகிறோம். பாலர் வகுப்பில் ஆங்கில நெடுங்கணக்கைக் கொண்டுவந்த மெட்டே, முதலாம் ஆண்டில் தமிழின் குறில் நெடிலைக் கொண்டுவரலாம். பிள்ளை ஏற்கெனவே அறிந்த மெட்டு என்பதால் கவனம் முழுவதும் சொல்லின்மேல் செல்லும்.

நிறைவாக, இரண்டு வேண்டுகோள்கள். இங்கு வந்துள்ள ஆசிரியர்கள் தத்தம் பள்ளியில் பாடப்படும் தொடக்கப் பாட்டுகளை எடுத்து, அவற்றில் எந்த எழுத்து எந்தச் சுவரத்தின்மேல் நிற்கிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். சிதையும் இடங்களைத் திருத்துங்கள். திருத்தியதை அடுத்த பள்ளிக்கும் கொடுங்கள். மாணவர்களாகிய நீங்கள், குறிப்பாக ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லவிருப்போர், தமிழில் உயர்ந்து கற்பது எதற்கு என்று எவரேனும் கேட்டால், ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நல்ல பாட்டு எழுதுவதற்கு என்று விடை கூறுங்கள். அவ்விடை சிறியதன்று. ஒரு கோடையில் மூன்று சிம்பொனிகளுக்கு இடையே அதற்கு நேரம் கண்டவர் ஒருவர். கோட்டைப் பேண்டின் இரைச்சலுக்கு நடுவே அதற்குச் செவி கொடுத்தவர் ஒருவர். நமக்கு முன்னே பள்ளி ஆண்டு முழுவதும் இருக்கிறது.